அபூர்வப் பறவை பார்க்கப் போன ஞாயிறு

துபாயில் கட்டடங்களின் தீ அலாரங்களைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் இன்ஜினியர். எங்கேயாவது அலாரம் அடித்தால் போய்ப் பார்த்துக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் தீயாக இருக்காது. யாராவது கருவாடு வறுத்திருப்பார்கள், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருப்பார்கள். "பொய் அலாரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

மற்ற நேரத்தில் பறவைகளைப் போட்டோ எடுக்கிறேன். எடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதுதான். என் கம்ப்யூட்டரில் பறவை உட்கார்ந்து எழுந்துபோன கிளைகளும், பறவை கடந்துபோன வானமும் நிறைய இருக்கின்றன. பறவையும் சில படங்களில் உண்டு. பெரும்பாலும் அதன் வால்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அல் ஐன் சாலைப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை முடித்துத் திரும்பும்போது, வழியிலிருந்து உள்ளே திரும்பி நாணல் ஏரிக்குப் போனேன். நாணல் ஏரி என்பது நாங்களாக வைத்த பெயர். சுத்திகரித்த கழிவுநீரை மணலில் விட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோக, அது தானே பெருகி, சுற்றி நாணல் முளைத்து, பறவைகள் வந்து சேர்ந்துவிட்ட இடம். அன்றைக்கு வெளிச்சம் போகிற நேரம். நாணலுக்குள் பழுப்பு நிறத்தில் உடம்பு முழுக்கக் கோடு கோடாக ஒரு பறவை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பதினோரு படம் எடுத்தேன். பத்தில் கை ஆடிவிட்டது.

வீட்டுக்கு வந்து பறவைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதினொன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிட்டர்ன்! குருகு இனத்திலேயே பெரியது. குளிர்காலத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு இந்தப் பக்கம் வரும். வந்தாலும் நாணலோடு நாணலாக நின்று யார் கண்ணிலும் படாது. என் கண்ணில் பட்டுவிட்டது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"கொக்கு மாதிரி இருக்கு" என்றாள்.

"கொக்கா? இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா?"

"கொக்குலயே அபூர்வமான கொக்கு போல" என்று சொல்லிவிட்டுக் குக்கரை நிறுத்தப் போய்விட்டாள்.

அமீரகத்தில் பறவை பார்க்கிற தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஐம்பது சொச்சம் பேர். பறவையைவிடக் காலை வணக்கப் படங்கள்தான் அதில் அதிகம் வரும். அன்று ராத்திரியே படத்தைப் போட்டேன். கையோடு, "ஞாயிறு காலை பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். என் காரில் இடம் இருக்கிறது, வழியில் ஏற்றிக்கொள்கிறேன். டிபன் எங்கள் வீட்டிலிருந்து" என்றும் எழுதிவிட்டேன்.

"டிபன் எங்க வீட்டுலேருந்தா?" குழுவில் இல்லாத என் மனைவிக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இட்லிக்கு ஊறப் போடுறது யாரு? பிட்டர்னா?"

கடைசியில் அவளும் வருவதாக ஒத்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு ஒன்று திருத்த வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள், பாலைவனத்தில் தட்ட மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

வருவதாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயம்புத்தூர்க்காரப் பல் டாக்டரம்மா. இருபது வருடமாக இங்கே பறவைகளைப் படம் எடுக்கிறார். யார் எந்தப் பறவையைப் பார்த்ததாகச் சொன்னாலும் அவர் தலையாட்டினால்தான் எங்களுக்குள் அது செல்லுபடியாகும். அவர் தன் வண்டியிலேயே வந்துவிடுவதாகச் சொன்னார். இன்னொருவர் தொழிலாளர் முகாம்கள் நிறைந்த சோனாப்பூரில் இருக்கும் டவர் கிரேன் ஆபரேட்டர். குழுவில் அவர் ஒரு வார்த்தை எழுதி நான் பார்த்ததில்லை. "சார் நான் வரேன். ரூம் சோனாப்பூர். ஞாயிறு மட்டும்தான் லீவு" என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

ஞாயிறு விடியற்காலை அவரை ஏற்றிக்கொள்ளப் போனோம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிறுத்தியிருந்த சுவர் ஓரத்தில் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். தலை படிய வாரி, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். நான் போட்டிருந்தது முட்டி வெளுத்த பேன்ட்.

"வணக்கம் சார். வணக்கம் மேடம்."

"மேடம்லாம் பள்ளிக்கூடத்தோட சரி. அக்கான்னு கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

பின்சீட்டில் இட்லிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சூடா இருக்கே, தொடை சுடலையா?" என்று கேட்டதற்கு, "ஏசி குளிருக்கு நல்லாருக்குக்கா" என்றார். ராமநாதபுரம் பக்கம் ஊர். கண்மாய்க்குக் கீழே வீடு. கம்பெனி பஸ் தவிர வேறு வண்டியில் ஏறி ஏழெட்டு மாதம் ஆகிறது என்று சொன்னார்.

ஊரைத் தாண்டியதும் மூடுபனி. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. சாலைக்கு மேலே இருந்த பலகையில் வேகத்தை எண்பதாகக் குறைக்கச் சொல்லி எழுத்து ஓடியது. நான் அறுபதில் போனேன். திருப்பத்திலிருந்த பெட்ரோல் பங்கில் டாக்டரம்மா காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, குட்டையான முடி, தோளில் என் கை நீளத்துக்கு ஒரு லென்ஸ்.

"அந்த ஒரு படந்தானுங்களா இருக்குது?" என்றார், நான் கண்ணாடியை இறக்கியதும்.

"பத்துப் படம் கொஞ்சம் ஆடிருச்சு டாக்டர்."

"சரி, போலாங்க. நேர்ல பாத்துக்கலாம்."

அந்த "பாத்துக்கலாம்" எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஏரிக்கரையில் போய் இறங்கினால் ஏரியே இல்லை. எங்கும் வெள்ளையாக இருந்தது. எங்கேயோ ஒரு நாமக்கோழி கத்தியது. இன்னொரு பக்கம் ஏதோ தண்ணீரில் முங்கியது. முக்காலிகளை நிறுத்தி, லென்ஸ்களைப் பனியைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மனைவி காரின் முன்சீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள். அடுத்த முக்கால் மணி நேரம் டாக்டரம்மா என்னைக் கேள்வி கேட்டார்.

"கண்ணு என்ன நெறமுங்க?"

"மஞ்சள்... ஆரஞ்சுன்னும் சொல்லலாம்."

"நாம பாத்ததும் அலகை மேல தூக்கிட்டு அசையாம நின்னுச்சுங்களா?"

"நின்னுச்சு. கொஞ்ச நேரம்."

"அப்பறம்?"

"அப்பறம் தலையைச் சொறிஞ்சுது."

அவர் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். கிரேன் ஆபரேட்டர் ஆரஞ்சை உரித்து எல்லோருக்கும் சுளை சுளையாகக் கொடுத்தார். பறவையைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இட்லி வந்தது, பொடி தடவி, எண்ணெய் மினுமினுக்க. பனிக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாமல் நாலு பேரும் சாப்பிட்டோம். எனக்கு அந்தப் பனி மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அது இருக்கிறவரை என் பறவையை யாரும் கேள்வி கேட்க முடியாது.

எட்டு மணி சுமாருக்கு வெயில் வந்தது. திரை இழுத்தது போல் பனி விலகி, முதலில் தண்ணீர், பிறகு எதிர்க்கரை, பிறகு நாணல் தெரிந்தது. வியாழக்கிழமை நின்ற அதே இடத்தில், ஒரு முழம்கூட நகராமல், என் பறவை நின்றுகொண்டிருந்தது. முதலில் பார்த்தது நான்தான். மற்றவர்கள் இன்னும் எதிர்க்கரையைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாமல் லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் செய்தேன்.

நல்ல வெளிச்சம். இறகு இறகாகத் தெரிந்தது. இறக்கை மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மாக்கோலம் போடும்போது சொட்டியது மாதிரி ஒவ்வொரு இறகு நுனியிலும் ஒரு சொட்டு.

பிட்டர்னுக்கு அந்தப் புள்ளி கிடையாது. புத்தகத்தில் அதே பக்கத்தில், கீழே, "இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்" என்று ஒரு சின்னப் படம் போட்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் அந்தப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறேன் போல. வக்கா. இராக்கொக்கு. அதுவும் பெரிய வக்காகூட இல்லை, இன்னும் நிறம் மாறாத குஞ்சு. நம் ஊர்க் கண்மாய்களில் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்குமே, அது.

அப்போது நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, "ஆஹா, அங்க பாருங்க, பூநாரை!"

எதிர்க்கரையில் உண்மையிலேயே பூநாரைகள் நின்றன, நாற்பது ஐம்பது. ஆனால் துபாயில் பூநாரையைக் காட்டி யாரையும் ரொம்ப நேரம் ஏமாற்ற முடியாது. டாக்டரம்மா மரியாதைக்கு ஒரு படம் எடுத்துவிட்டு லென்ஸை மெதுவாக நாணல் பக்கம் திருப்ப ஆரம்பித்தார். லென்ஸுக்கும் நாணலுக்கும் நடுவில் யாராவது நின்றால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. யதார்த்தமாக நடப்பது போல் பின்பக்கமாக இரண்டு அடி வைத்தேன். இரண்டாவது அடி தரையில் இல்லை.

அந்தக் கரை மேலே உப்புப் பூத்து, சிமென்ட் தளம் மாதிரி காய்ந்து கிடக்கும். கீழே எல்லாம் களி. என் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போனது. நான் "ஐயோ" என்று கத்தியதில் ஏரியே எழுந்தது. நாமக்கோழிகள் தண்ணீர் மேல் ஓடின. நெடுங்கால் உள்ளான்கள் கிறீச்சிட்டுக்கொண்டு பறந்தன. என் அபூர்வப் பறவையும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு எழும்பி, எங்கள் தலைக்கு நேர் மேலாக, கணீரென்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனது.

"வக்! வக்!"

காரிலிருந்து, விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, என் மனைவி சொன்னாள்.

"வக்கா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுக்க வந்தார்.

"மேடம், இழுக்காதீங்க!" கிரேன் ஆபரேட்டர் சத்தம் போட்டார். காலையிலிருந்து அவர் குரல் அவ்வளவு உரக்க வந்ததே இல்லை. "சைடு புல் கூடாது. இழுப்புல இடுப்பு புடிச்சுக்கும். லோடு நேரா மேல வரணும். சார், நீங்க ஆடாதீங்க. ஆட ஆட உள்ள போவீங்க."

ஓடிப்போய்க் காரின் நாலு மிதியடிகளையும் எடுத்து வந்து என்னைச் சுற்றிப் பரப்பினார். பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து, இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்தார். "மேடம், முன்னாடி நின்னு பாருங்க. சாயுறாரான்னு மட்டும் சொல்லுங்க. சார், கால் விரல நீட்டுங்க. மெதுவா... மெதுவா... ஹோல்ட். இப்ப மேல."

பச்சக் என்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்தேன். ஷூ வரவில்லை. உள்ளே கைவிட்டுத் துழாவலாமா என்று கேட்டேன்.

"கலாஸ் சார்" என்றார். "போனது போனதுதான்."

மனைவி வந்து பார்த்தாள். களி நாறியது, கழிவுநீர் ஏரி அல்லவா. "காருக்குள்ள இந்தக் காலோட வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். கால் கழுவி, ஒரு காலில் மட்டும் ஷூவோடு மணலில் உட்கார்ந்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

"என் தப்புதான் டாக்டர். பனி விலகினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரலை."

"படத்துலயே எனக்குக் கொஞ்சம் சந்தேகந்தானுங்க" என்றார் அவர். "ஆனா இல்லைன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு உங்க படம் தெளிவா இல்லீங்களே. அதான் வந்தேன்."

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் கிரேன் ஆபரேட்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. ஆறு நாள் வேலை, ஒரே ஒரு நாள் லீவு. தூங்கியிருக்கலாம், துணி துவைத்திருக்கலாம், வீட்டுக்கு வீடியோ கால் போட்டிருக்கலாம். இஸ்திரி போட்டு, ஷூ துடைத்து, பழம் வாங்கிக்கொண்டு ஒரு வக்காவைப் பார்க்க வந்திருக்கிறார்.

"உங்க லீவை வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் நெளிந்தார். தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. படத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், வக்காக் குஞ்சுன்னு. கண்மாய்க்கரைல பொறந்தவன் சார், வக்கா தெரியாதா?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"கார்ல கூட்டிட்டுப் போறேன்னு போட்டிருந்தீங்கள்ல. இந்த ஏரியப் பாக்கணும்னு ரெண்டு வருசமா ஆசை. பஸ் வராது, டாக்ஸிக்குக் கட்டாது. இது வக்கான்னு நான் குரூப்ல எழுதிருந்தா ட்ரிப்பே கேன்சல் ஆயிருக்கும்ல? அதான் கம்முனு இருந்துட்டேன்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். காரிலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கு ஒரு நிமிடம் கோபப்படலாமா என்றிருந்தது. ஒற்றை ஷூவோடு கோபப்பட்டால் எடுபடாது என்பதால் நானும் சிரித்தேன்.

"நீங்க படம் எடுப்பீங்களா?" டாக்டரம்மா அவரிடம் கேட்டார்.

"கேமரால்லாம் மாஃபி, இல்ல மேடம். செல்லுதான்." கொஞ்சம் தயங்கி, போனை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். நாலைந்து படம் போனதும் அவர் விரல் நின்றுவிட்டது. நான் நொண்டிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். எல்லாம் பறவைகளின் முதுகு. நாங்கள் இத்தனை வருடமாகக் கழுத்து வலிக்க அண்ணாந்து வயிற்றையே படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் வானத்திலிருந்து கீழே பார்த்து எடுத்திருந்தார். ஒரு விராலடிப்பான் கிரேனின் கை நுனியில் உட்கார்ந்து மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு லாரிகள். இன்னொன்றில் கடற்காகங்கள், கீழே கிடக்கும் சாலை மேல் வெள்ளைக் காகிதம் கிழித்துப் போட்டதுபோல. கடைசியில் ஒரு பூநாரைக் கூட்டம், விடியற்காலை வெயிலில், வரிசையாக அவர் காலடியில் பறந்து போகிறது. நீளமான குச்சிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ரோஜா நிறத்தில் இரண்டு விசிறி, விசிறி ஓரமெல்லாம் கறுப்பு.

"இந்த விராலடிப்பான் தெனம் வரும் மேடம். நம்ம கிரேன்தான் அதுக்கு மெஸ்ஸு. தின்னுட்டு வாலையும் கொடலையும் கண்ணாடி மேல போட்டுட்டுப் போயிரும். எறங்குறதுக்கு முன்னாடி நான்தான் தொடைக்கணும்."

"இதையெல்லாம் ஏனுங்க குரூப்ல போடல?" டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது.

அவர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கேபின்ல போன் எடுக்கக் கூடாது மேடம். சார் வேற சேஃப்டி டிபார்ட்மென்ட்டு மாதிரி. பிரேக் டைம்ல, மெஷின ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுப்பேன் சார். சத்தியமா."

"நான் தீ அலாரம் மட்டும்தான் பார்ப்பேன். கிரேனெல்லாம் என் கண்ணுக்கே தெரியாது" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கரையிலேயே இருந்தோம். டாக்டரம்மா தன் பெரிய கேமராவைக் கிரேன் ஆபரேட்டர் கையில் கொடுத்துவிட்டார். முதலில் குழந்தையை வாங்குவது மாதிரி வாங்கினார். பிறகு திருப்பித் தர மனசே வரவில்லை. ஒரு முக்குளிப்பான் முங்கி எழும்பும் இடத்தை முன்கூட்டியே சரியாகச் சொல்லி அங்கே லென்ஸை வைத்துக் காத்திருந்து எடுத்தார். நான் வெறும்காலை வெயிலில் நீட்டிக் காயவைத்தபடி, யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பறவை பார்க்க வந்து பறவையைப் பார்த்தது அன்றுதான் என்று சொல்ல வேண்டும். வக்காக் குஞ்சும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதே நாணலில் உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. இந்தத் தடவை கை ஆடவில்லை.

விடைத்தாள் கட்டு முடிந்ததும் மனைவி கிளம்பலாம் என்றாள். கிளம்பும் முன் குழுவில் எழுதினேன்: "வியாழனன்று நான் போட்டது பிட்டர்ன் அல்ல, இளம் வக்கா. தவறுக்கு வருந்துகிறேன்." உடனே பதில்கள் வந்தன. மூன்று பேர் படிக்காமலே "அருமை சார்! வாழ்த்துகள்!" என்று போட்டார்கள். ஒருவர் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்பினார். இன்னொருவர், "அடுத்த முறை டிபனோடு போகும்போது சொல்லவும்" என்று கேட்டிருந்தார்.

மத்தியானம் சோனாப்பூரில் அவரை இறக்கிவிட்டோம். தெருவெல்லாம் லீவு நாள் கூட்டம். சலூன் வாசலில் வரிசை, கைப்பிடிச் சுவர்களில் துவைத்த துணி. மீதி இட்லியை மனைவி டப்பாவோடு கொடுத்தாள். டப்பாவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னாள். அவர் குனிந்து கார் ஜன்னல் வழியாக என்னிடம், "சார், அடுத்த ஞாயிறு ஓவர்டைம். அதுக்கடுத்த ஞாயிறுக்கு எதையாச்சும் தப்பா கண்டுபுடிச்சு வைங்க" என்றார்.

கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு டாக்டரம்மாவே தன் வண்டியில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு கடற்கரைச் சேற்றுநிலம் ஒன்றுக்குப் போனார். பூநாரைப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துத் தன் கிளினிக்கில், நோயாளிகள் வாயைத் திறந்து படுக்கும்போது நேராகத் தெரிகிற இடத்தில் மாட்டப் போவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கிரேன் ஆபரேட்டருக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை. முட்டி வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கி நான் போட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து நாங்கள் நின்ற இடத்தில் சேறே இல்லை. என் மனைவி திருத்துவதற்குத் தாள் எதுவும் இல்லாததால் வண்டியிலேயே நன்றாகத் தூங்கினாள்.